வாரம் ஒரு காலை போதும்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. போன வருடம் ஜனவரியிலிருந்து இருவருக்கும் வீட்டிலேயே பாடம். படிப்பில் குறையில்லை. ஆனால் "பிள்ளைங்க நாலு பேரோட பழகாம வளருதுங்க" என்று மாமியார் தினமும் சொல்கிறார். எனக்கும் அந்தக் கவலை உண்டு. எங்களைப் போல வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்கள் சாட்ஸ்வர்த், ஷால்கிராஸ், குவீன்ஸ்பர்க் பக்கம் ஆறு இருக்கின்றன. மொத்தம் பதின்மூன்று பிள்ளைகள். மூன்று தமிழ்க் குடும்பம், ஒன்று தெலுங்கு, ஒன்று இந்தி, ஒன்று சூலு. மாதம் ஒருமுறை கூடுவோம் என்று இரண்டு தடவை தொடங்கினோம். இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தோடு நின்றுபோனது. இப்போது ஒரு அப்பா, சம்பளத்துக்கு ஒரு டீச்சரை வைத்து வாரம் நான்கு காலை பிள்ளைகளை அங்கே விட்டுவிடலாம் என்கிறார். எது சரி? பிள்ளைகள் வாயில் கொஞ்சம் தமிழும் வரவேண்டும் என்பது என் ஆசை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டீச்சர் யோசனையை முதலில் பார்த்துவிடுவோம். அது வேண்டாம். வீட்டுக் கல்விக்குத் தென்னாப்பிரிக்காவில் சட்டம் இடம் தருகிறது. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம் 51ஆம் பிரிவின்படி மாகாணக் கல்வித்துறையில் பிள்ளையைப் பதிவு செய்துவிட்டு வீட்டில் படிப்பிக்கலாம். குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு ட்யூட்டர் வைத்துக்கொள்வதிலும் தடையில்லை. ஆனால் பல குடும்பத்துப் பிள்ளைகளை ஓரிடத்தில் விட்டு, பெற்றோர் கிளம்பிப் போய், ஒருவர் சம்பளத்துக்கு எல்லாப் பாடமும் நடத்தினால் அதைப் பள்ளிக்கூடம் என்றுதான் அதிகாரிகள் பார்ப்பார்கள். பதிவில்லாமல் தனியார் பள்ளி நடத்துவது அதே சட்டத்தின் 46ஆம் பிரிவில் குற்றம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பேலா (BELA) என்ற அடிப்படைக் கல்விச் சட்டங்கள் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் கவனம் கூடியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, வீட்டுக் கல்வியின் பொறுப்பு பெற்றோருடையது. அதை நான்கு காலைக்குக் கைமாற்றிவிட்டால், எதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தீர்களோ அதுவே கைவிட்டுப் போய்விடும். வாரம் ஒரு காலை, பெற்றோரும் கூடவே இருந்து, பிள்ளைகள் ஒன்றாக விளையாடி, சமைத்து, ஏதாவது செய்து பார்ப்பது வேறு சங்கதி. அதற்கு இந்தச் சிக்கல் கிடையாது.

உங்கள் கூட்டம் இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் நின்றதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் இல்லை. மாதம் ஒருமுறை என்ற கணக்கே அப்படித்தான் முடியும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தடவை தவறினால், அடுத்து முகம் பார்க்க இரண்டு மாதம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது பெரிய காலம். போன தடவை ஒட்டிக்கொண்டு விளையாடிய பையன் இந்தத் தடவை அந்நியன். முதல் அரைமணி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பழக ஆரம்பிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். பெரியவர்களுக்கும் "பிள்ளை ஒண்ணும் ரசிக்கலையே" என்று தோன்றும். அதையே வாரம் ஒருமுறை வைத்தால், நான்கு பள்ளித் தவணைக்கும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது காலை. காய்ச்சல், கல்யாணம், மழை என்று கால்வாசி தவறினாலும் முப்பது மிஞ்சும். முப்பது தடவை ஒரே முகங்களைப் பார்த்த பிள்ளைகளுக்குள் சண்டை வரும், சமாதானம் வரும், இவர்களுக்கு மட்டுமே தெரிந்த விளையாட்டு ஒன்று உருவாகும். பழக்கம் என்று உங்கள் மாமியார் சொல்வது இதைத்தான். அவர் கவலை நியாயமானது. அதை மறுத்துப் பேசாதீர்கள்.

ஒன்றை இப்போதே எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று பிள்ளைகளின் வயதையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வயது வித்தியாசத்துக்குள் இன்னொருவராவது இருக்கிறாரா? ஏழு வயதுப் பையனுக்கு ஆள் கிடைத்துவிடும். சிக்கல் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவாகவே அவளை வைத்துவிட்டால், நான்கு வாரத்தில் "நான் வரல" என்று சொல்லிவிடுவாள். உங்கள் மகளுக்கு இணையாக யாரும் இல்லையென்றால் ஏழாவது குடும்பத்தைத் தேடுங்கள், அல்லது இந்தக் காலைக்குமேல் பரதநாட்டிய வகுப்போ நீச்சலோ மாலையில் சேருங்கள். இந்தக் கூட்டத்தால் எல்லாப் பிள்ளையின் தேவையும் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இடம் எது என்பதில் பலர் தவறுவது, சுற்றிச் சுற்றி ஒவ்வொரு வீட்டில் வைப்பது. நல்ல மனதோடுதான் செய்வார்கள். ஆனால் முந்தின நாள் வீடு துடைத்து, காலையில் பலகாரம் சுட்டு, ஒருவர் வடை போட்டால் அடுத்தவர் பிரியாணி செய்து, கடைசியில் வீடு சின்னதாக இருக்கும் குடும்பம் ஏதோ காரணம் சொல்லி ஒதுங்கிவிடும். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம் வையுங்கள். முனிசிபல் நூலகத்தின் அறை, சமூகக் கூடம், அல்லது முற்றமும் மழைக்கு ஒதுங்க கராஜும் உள்ள ஒரு வீடு, எதுவானாலும் சரி. கோயில் கூடம் வார நாளில் காலியாகத்தான் இருக்கும், கமிட்டியும் சம்மதிக்கும். ஆனால் புரட்டாசியிலும், காவடிக்குக் கொடி ஏறிய நாட்களிலும், கருமாதி வைக்கும் நாளிலும் கிடைக்காது. அதோடு, சூலுக் குடும்பத்துக்கும் மனத்தடை இல்லாமல் வந்துபோகும் இடம் வேண்டும் அல்லவா? வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். பொது இடமாக வைத்துவிட்டு, பொங்கலுக்கு மட்டும் எல்லோரையும் கோயிலுக்கு அழையுங்கள்.

நேரம் காலை 9.30 முதல் 1 மணி வரை. இதில் முதல் ஒன்றரை மணி நேரம் விளையாட்டு, வேறு எதுவும் கிடையாது. பெரியவர்கள் ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அணி பிரிக்க வேண்டாம். கண்ணில் படும் தூரத்தில் இருவர் உட்கார்ந்தால் போதும். அடி, கல், வெளிக்கேட் இந்த மூன்றுக்கு மட்டும் எழுந்திருங்கள். மற்றச் சண்டையை அவர்களே தீர்க்கட்டும். இந்தப் பகுதியைத்தான் பெற்றோர் முதலில் வெட்டுவார்கள், "வந்ததுக்கு ஏதாவது கத்துக்கட்டுமே" என்று. வெட்டாதீர்கள். கற்றுக்கொள்வதற்கு வாரத்தில் மற்ற நாள் இருக்கிறது; பத்துப் பேரோடு சேர்ந்து விளையாடுவதற்கு இந்த ஒரு காலைதான்.

11 மணிக்குமேல் ஒரே ஒரு வேலை, எல்லா வயதும் சேர்ந்து செய்யக்கூடியதாக. ஒரு காலைக்கு மூன்று நான்கு நடவடிக்கை வைக்கும் கூட்டங்கள் சீக்கிரம் களைத்துப்போகும். என்ன மாதிரி வேலை என்று கேட்பீர்கள். நான் முதலில் சொல்வது நிழல் குச்சி. செலவில்லை, நான்கு வயதும் பதினான்கு வயதும் சேர்ந்து செய்யலாம், வருடம் முழுக்க நீளும்.

நிலத்துக்குமேல் சரியாக ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு குச்சி நடுங்கள். மண்ணில் நட்டால் அடுத்த மாதத்துக்குள் சாய்ந்துவிடும். அதனால் பெயின்ட் வாளியில் சிமெண்டு கலவை ஊற்றி நிற்கவைத்து, கலவையின் மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் அளந்து அறுத்துவிடுங்கள். நிழல் விழும் தளமும் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். வாளி தரைக்குமேல் நின்றால் கணக்கு பிசகும், வாளியைக் குழியில் இறக்குங்கள். குச்சி நேராக இருக்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் நூலைப் பிடிக்கட்டும். 11.30 முதல் 12.20 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைப்பது எட்டு வயதுக்காரர்களின் வேலை. அளந்து நோட்டில் எழுதுவதும், எது மிகக் குட்டை என்று கண்டுபிடிப்பதும் பெரிய பிள்ளைகளுக்கு. நுனி மங்கலாகத் தெரியும். எங்கே புள்ளி வைப்பது என்று கட்டாயம் சண்டை வரும். குச்சியின் தலையில் ஓட்டையுள்ள அட்டை ஒன்றை ஒட்டி, ஓட்டை சரியாகக் குச்சி உயரத்தில் வரும்படி வைத்தால், நிழலுக்கு நடுவே ஒளிப்பொட்டு விழும், அதைக் குறிக்கலாம்.

டர்பனில் நண்பகல் வெயில் எப்போதும் வடக்கிலிருந்து வரும். குட்டை நிழல் நேர் தெற்கைக் காட்டும். சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் கடிகாரத்தின் 12 மணியும் ஒன்றல்ல. நவம்பர் தொடக்கத்தில் 11.40 வாக்கிலேயே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.10 ஆகிவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் நிழல் 11 சென்டிமீட்டர்தான் இருக்கும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் 21 தேதி வாக்கில் 57, ஜூன் 21இல் 134. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அவர்கள் அளந்தது நான்கைந்து சென்டிமீட்டர் விலகினால், குச்சி சாய்ந்திருக்கிறதா, தளம் சரிவா என்று அவர்களே தேடட்டும். தேடும் அந்த அரைமணிதான் இதில் விலை மதிப்பில்லாதது.

மாமியாரை இந்த இடத்தில் அழைத்து உட்காரவையுங்கள். தை பிறந்தால் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்பார் அவர். பொங்கலன்று அளந்தால் நிழல் 15 சென்டிமீட்டர். டிசம்பரில் இருந்ததைவிட நீண்டிருக்கும். சூரியன் வடக்கே போகிறான் என்றால் நம்மை விட்டு விலகுகிறான். சென்னையில் பொங்கலுக்குப் பிறகு வெயில் ஏறும், இங்கே இறங்கும். ஆடிக் கூழ் அங்கே காற்றடிக்கும் மாதத்தில், இங்கே குளிர்காலத்தில். தமிழ் மாதப் பெயர் பன்னிரண்டையும் சுவரில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிழலின் அளவை எழுதிக்கொண்டே வந்தால், சித்திரையும் ஐப்பசியும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யும் பெயராக இருக்காது.

தமிழுக்கு இதற்குமேல் தனி வகுப்பு இந்தக் காலையில் வைக்காதீர்கள். ஆறில் மூன்று குடும்பத்துக்குத் தமிழ் வேறு மொழி. அவர்கள் பிள்ளைகள் ஓரமாக உட்கார நேரிடும். பல்லாங்குழி வையுங்கள். இரண்டு வரிசையில் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து விதை, மொத்தம் எழுபது. விதையைத் தமிழில் எண்ணித்தான் போட வேண்டும் என்பது ஒரே சட்டம். சூலுப் பையனும் ஒரு மாதத்தில் பத்து வரை எண்ணிவிடுவான். பதிலுக்கு அவன் வீட்டார் உம்லபலபா என்ற பலகை ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆளுக்குப் பன்னிரண்டு காய், அவற்றை மாடு என்பார்கள். மூன்று மாடு வரிசையில் நின்றால் எதிராளியின் ஒரு மாடு போச்சு. நம் ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவருக்கு உடனே பிடிபடும். விதைக்குப் புளியங்கொட்டை நல்லது. தெருவில் உதிர்ந்து கிடக்கும் சிவப்பு லக்கி பீன் பார்க்க அழகு, ஆனால் விஷம்; வாயில் போடும் வயதுப் பிள்ளை இருக்கும் இடத்தில் வேண்டாம். பாட்டும் பேச்சும் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் ஐஸ்டெட்ஃபோட் போட்டிக்குத் தனியாகத் தயார்செய்யுங்கள்.

சாப்பாடு ஒரே பானை, சைவம். மாட்டிறைச்சி, பன்றி, புரட்டாசி விரதம் என்ற கேள்வியே எழாது. 21 பேருக்கு ஒரு கிலோ சுகர் பீன்ஸ் முந்தின இரவே ஊறவேண்டும், அரிசி ஒன்றரை கிலோ. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிறகு தணலைக் குறையுங்கள். பீன்ஸ் வெந்தபிறகே தக்காளி. முதலிலேயே போட்டால் புளிப்பு ஏறி எத்தனை மணி நேரமானாலும் விதை கடிபடும். வெங்காயம் உரிப்பதும் தட்டு கழுவுவதும் பிள்ளைகள் வேலை.

மாதத்தில் ஒரு காலை வெளியே போகலாம். அதற்குமேல் போனால் அது சுற்றுலாக் கூட்டமாகிவிடும், பெட்ரோல் காசுக்கு முடியாத குடும்பம் நின்றுவிடும். பக்கத்திலேயே சில்வர்கிளென் காட்டில் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. நகரத்துக்குப் போனால் தாவரவியல் பூங்கா 1849இலிருந்து இருக்கிறது. அங்கே வுட் சைக்காட் என்ற மரத்தைக் காட்டுங்கள். 1895இல் ஙோயே காட்டில் தாவரவியலாளர் மெட்லி வுட் கண்டது ஆண் மரம். பெண் மரம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. உலகில் இருப்பதெல்லாம் அந்த ஒன்றின் கன்றுகள். பத்து வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் சும்மா இருக்காது. 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களின் கதைக்கு டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம். சிட்டி ஹாலில் உள்ள இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் டோடோ எலும்புக்கூடு. எங்கே போனாலும் ஒரே ஒரு பொருளைப் பார்த்து வரைந்துவிட்டுத் திரும்புங்கள். எல்லாக் கூடத்தையும் சுற்றினால் சின்னது அழும்.

நிறைய யோசித்துப் போகவேண்டியது கடற்கரைக்கு. பிளஃப் பக்கம் ட்ரெஷர் பீச்சில் பாறைக்குட்டைகள் நன்றாக இருக்கும். நம் பஞ்சாங்கம் இதற்கு உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு ஓரிரு நாள் பின்னும்தான் கடல் மிகக் கீழே வற்றும், இந்தக் கரையில் அது காலை 10 மணி வாக்கில் அமையும். துல்லியமான நிமிடத்துக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள். வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே இறங்கி, அது முடிந்து அரைமணிக்குள் ஏறிவிடுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் பின்பக்கமாகச் சுற்றி வழியை அடைக்கும். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதுவும் எந்த மூன்று என்று காரிலேயே பெயர் சொல்லிவிட வேண்டும். காலில் பழைய டேக்கிஸ், அதாவது கேன்வாஸ் ஷூ. வெறுங்காலோடு போனால் கடல் முள்ளெலியின் முள் ஏறும். கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கக் கூடாது, சில வகை குத்தும். எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கடல்காற்று கரைநோக்கி அடித்த நாளுக்கு மறுநாள் புளூபாட்டில் என்ற, ஜெல்லிமீன் போலக் கொட்டும் உயிரி ஒதுங்கியிருக்கும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டால், பட்ட இடத்தைக் கடல்நீரில் கழுவி இழையை எடுத்துவிட்டுக் கை பொறுக்கும் சூட்டில் இருபது நிமிடம் முக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கரைகளை மூடுவது உண்டு, அதனால் முந்தின நாள் முனிசிபாலிட்டியின் அறிவிப்பைப் பாருங்கள். ஆற்றங்கரைக்குப் போனால் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். நம் கரையோர ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் இருக்கிறது. புல்வெளியில் நடந்த நாள் குளிக்கும்போது உண்ணி பாருங்கள்.

பணம், பொறுப்பு இரண்டையும் எழுத்தில் வையுங்கள். குடும்பத்துக்கு மாதம் 50 ராண்ட் என்றால் ஆறு குடும்பத்துக்கு 300. பருப்பு, சாக்பீஸ், முதலுதவிப் பெட்டி, இடத்துக்குக் கொஞ்சம் காணிக்கை எல்லாம் அதில் அடங்கும். ஒருவர் வாங்க, இன்னொருவர் ரசீது பார்த்துக் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை: ஒவ்வாமை, மருந்து, அவசரத்துக்கு யார், ஆம்புலன்ஸ் 10177. வாராவாரம் இருவருக்குப் பொறுப்பு, முறை வைத்து. யாரும் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். பின்னால் யாரையாவது குறித்துச் சொல்ல வேண்டிய சங்கடம் வராது. வெளியாள் யாரையாவது ஆட்டம் சொல்லிக்கொடுக்க அழைத்தால் போலீஸ் சான்றிதழ் கேளுங்கள், எவ்வளவு தெரிந்தவரானாலும். வாட்ஸ்அப் குழுவில் கிழமை, இடம், கொண்டுவர வேண்டியது மட்டும். வாழ்த்து அட்டையும் அரசியலும் நிரம்பினால் முக்கியமான செய்தியை யாரும் பார்ப்பதில்லை. தாமதமாக வருபவருக்காகக் காத்திருக்காதீர்கள், கோபமும் வேண்டாம். 11 மணி வேலை 11 மணிக்குத் தொடங்கினால் அடுத்த வாரம் அவர்களே வந்துவிடுவார்கள்.

இந்தக் காலைகளைக் குறித்துவைப்பதில் ஒரு நன்மையும் உண்டு. கிரேடு 3, 6, 9 முடிவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை கல்வித்துறைக்குப் போகவேண்டும். வாராவாரம் வீட்டுக்கு வந்ததும் தேதி, என்ன செய்தோம், ஒரு படம், பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம் இந்த நான்கையும் அவரவர் கோப்பில் சேருங்கள். நிழல் அளந்த நோட்டு கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அப்படியே பயன்படும். உங்கள் மகன் அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் முதல் அறிக்கைக்கு வந்துவிடுவான், இப்போதே தொடங்கினால் சுமையாக இருக்காது.

முதல் தவணைக்கு, அதாவது பத்து வாரத்துக்கு மட்டும் ஆறு குடும்பத்திடமும் வாக்குக் கேளுங்கள். வருடம் முழுக்க என்றால் தயங்குவார்கள். நான்கு குடும்பம் ஒத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம். ஐந்தாம் ஆறாம் வாரத்தில் ஒரு தொய்வு வரும், அன்று மூன்று பிள்ளைதான் வந்திருப்பார்கள். அன்றைக்கும் பானையை ஏற்றுங்கள், நிழலை அளங்கள்.